மழை நாளில் பெருவழிப்பாதை: அழுதையிலிருந்து பம்பை வரை

பெருவழிப்பாதை என்பது எருமேலியிலிருந்து காட்டு வழியாகச் சபரிமலைக்கு நடந்து போகும் பழைய பாதை. எருமேலியில் பேட்டை துள்ளல் ஆட்டம் ஆடி, உடம்பில் பூசிய சாயத்தைக் கழுவிவிட்டு, பேரூர்த்தோடு தாண்டிப் போகும்வரை மழையைப் பற்றி எந்தச் சாமியும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. வழியெல்லாம் ஊரும் தோட்டமும் கடையும் இருக்கும். கொட்டினால் ஒதுங்கிக்கொள்ளலாம். காளைகட்டி கடந்து, அழுதை நதியைத் தாண்டி, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் கால் வைத்ததும் அந்த வசதி போய்விடும். அங்கிருந்து அழுதை மேடு, கல்லிடும் குன்று, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, புதுச்சேரி (இது காட்டுக்குள் இருக்கும் இடம்), கரிவலந்தோடு, கரிமலை, வலியானை வட்டம், சிறியானை வட்டம் என்று பம்பை வரும்வரை காடுதான். வழிக்கடைகளும் விரி வைக்கும் (இருமுடியை இறக்கித் தங்கும்) இடங்களும் அங்கங்கே உண்டு. ஆனால் மழை நாம் கடையருகே வந்து சேரும்வரை காத்திருப்பதில்லை.

கார்த்திகை மாதத்துக் கேரள மழையின் குணத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இதைத் துலாவர்ஷம் என்பார்கள். நம் பக்கத்து வடகிழக்குப் பருவமழைதான், ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். மதியத்துக்கு மேல் மலை உச்சிகள் கறுக்கும். பிற்பகலிலோ மாலையிலோ இடி மின்னலோடு ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். வழக்கமான நாளின் கணக்கு இதுதான். அதனால் கரிமலை உச்சியில் மதியம் பன்னிரண்டுக்குள் நிற்கிற குழு பெரும்பாலும் நனையாமல் இறங்கிவிடும். காலையில் சாவகாசமாகப் பூஜை, சமையல் எல்லாம் முடித்து ஒன்பதரைக்கு முக்குழியை விட்டுக் கிளம்புகிற குழு கரிமலை இறக்கத்தில் மாட்டிக்கொள்ளும். மழை நாளில் நடக்கும் தப்புகளில் பாதி, நேரத்தில் செய்கிற தப்பு.

இன்னொரு வகை மழை உண்டு. வங்கக்கடலில் புயலோ காற்றழுத்தத் தாழ்வோ உருவாகி, தமிழ்நாட்டில் கரை கடந்து, வலுவிழந்து மேற்கே நகரும்போது பெய்வது. இதற்குக் காலை, மாலை என்ற கணக்கே கிடையாது. நம் ஊர்ச் சாமிகள் ஏமாறுவது இதில்தான். "புயல் கரை கடந்தாச்சு, இனி என்ன" என்று வண்டியை எடுத்துவிடுவார்கள். அந்த மிச்சம்தான் ஒன்றிரண்டு நாளில் அவர்களுக்கு முன்னால் போய் மலையில் நிற்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி நகரம் அருகே கரை கடந்தது. விழுப்புரமும் திருவண்ணாமலையும் தண்ணீரில் தவித்துக்கொண்டிருக்க, டிசம்பர் 2 அன்று முக்குழி, சத்திரம் என்ற இடங்கள் வழியாகப் போகும் காட்டுப் பாதைகளில் பக்தர்கள் போக இடுக்கி மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. பம்பையில் இறங்கவும் கட்டுப்பாடு வந்தது. ஆகவே தமிழ்நாட்டில் புயல் கரை கடந்த பிறகு மூன்று நாள் கழித்துக் காட்டுக்குள் நுழைவது போலத் திட்டம் வைத்துக்கொள்வது நல்லது.

வானிலை எச்சரிக்கை பார்க்கிறவர்களும் 'பத்தனம்திட்டா' என்று ஒரு மாவட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுவார்கள். இந்தப் பாதை மூன்று மாவட்டங்களைத் தொடுகிறது. எருமேலி கோட்டயம் மாவட்டம், முக்குழிப் பக்கம் இடுக்கி, பம்பையும் சந்நிதானமும் பத்தனம்திட்டா. மூன்றையும் பார்க்க வேண்டும், அதிலும் இடுக்கியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மஞ்சள் எச்சரிக்கை 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 6.5 முதல் 11.5 செ.மீ. வரையிலான மழைக்கு, ஆரஞ்சு 20.4 செ.மீ. வரை, சிவப்பு அதற்கும் மேல். மஞ்சள் என்றால் விடியலில் கிளம்பிப் போகலாம். ஆரஞ்சு என்றால் காட்டு வழியை விட்டுவிட்டு நிலக்கல், பம்பை வழியாக ஏறுவதே சரி. பெருவழி போகாமல் வந்தால் விரதம் குறைந்துவிடுமோ என்று முதல் முறை மலைக்குப் போகும் கன்னிச்சாமிகள் மனம் கலங்குவார்கள். அதைக் குழுவை நடத்தும் குருசாமி முன்கூட்டியே, ஊரிலேயே, மாலை போட்ட அன்றே பேசி முடித்துவிட வேண்டும். எருமேலியில் வந்து பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இருமுடியை நனையாமல் காப்பது

மழைக்குத் தயாராவது கட்டு நிறைக்கிற (இருமுடியில் பொருள்களை நிரப்பிக் கட்டுகிற) நாளிலேயே தொடங்குகிறது. முன்முடியில் நெய்த்தேங்காய், பச்சரிசி, வெல்லம், மஞ்சள்பொடி, மிளகு என்று பூஜைப் பொருள்கள். பின்முடியில் நம் சாப்பாட்டுச் சாமான். பிளாஸ்டிக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் துணிப்பையில், காகிதத்தில் கட்டுகிறோம். அது சரிதான். ஆனால் மழையில் வெல்லமும் உப்பும் முதலில் கரையும். அந்த நீர் அரிசியில் இறங்கி ஒரு ராத்திரியில் புளித்த வாடை வந்துவிடும். இதற்கு எளிய வழி, கரையும் பொருளைக் கரையாத பொருளோடு சேர்க்காமல் இருப்பது. வெல்லத்தையும் உப்பையும் மூடி இறுக்கமான சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிடுங்கள். அரிசியை நெருக்கமாக நெய்த துணிப்பையில் கட்டி, அதன்மேல் வாட்டிய வாழையிலையை இரண்டு சுற்றுச் சுற்றி நாரால் கட்டுங்கள். ஒரு நாள் மழைக்குத் தாங்கும். கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் போன்றவற்றை இருமுடியில் கொண்டுவர வேண்டாம் என்று 2024 முதல் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்வம் தரப்பே சொல்கிறது. மழையில் அவை வெறும் சுமையும்கூட.

நெய்த்தேங்காயில் தண்ணீர் உள்ளே போவதைவிட நெய் வெளியே வருவதுதான் அதிகம் நடக்கும். காரணம் ஊரிலேயே இருக்கிறது. தேங்காய்க் கண்ணைத் துளைத்து இளநீரை வடித்த பிறகு உள்ளே ஈரம் போகக் காயவிட வேண்டும், நிறைய பேர் அவசரத்தில் விடுவதில்லை. நெய்யைச் சூடாக ஊற்றி உடனே அடைப்பதும் தப்பு. சூட்டில் அடைப்பு இளகும், நெய் கசியும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஊற்றி, அடைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு மணி நேரம் தட்டில் வைத்துப் பாருங்கள். தட்டில் பிசுக்கு இருந்தால் மறுபடி அடைக்க வேண்டும். கட்டு நிறைத்த பிறகு பிரிக்க முடியாது, ஞாபகம் இருக்கட்டும்.

நடக்கும்போது இருமுடிக்கு மேல் போட ஒன்றரை மீட்டர் சதுரத்தில் ஒரு மெழுகுத்துணியோ ரப்பர் பூசிய துணியோ வேண்டும். முக்காடு மாதிரி இருமுடிமேல் போட்டு, பின்பக்கம் தோளுக்குக் கீழே தொங்கவிட்டு, முன்னால் இரண்டு முனையிலும் நாடா தைத்து மோவாய்க்குக் கீழே கட்டிக்கொள்ளலாம். ஊர்த் தையல்காரர் அரைமணி நேரத்தில் தைத்துக் கொடுத்துவிடுவார். கழுத்து வழியாக மாட்டும் மழைக்கோட்டு வைத்திருப்பவர்கள் அதை இருமுடிக்கு மேலாகவே மாட்டிக்கொள்ளலாம். கழற்றும்போது மட்டும் அது மாலையில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நனைந்த நூலில் கோத்த துளசிமாலை ஒரு இழுப்புக்கு அறுந்துவிடும். மழைக்காலத்துக்குக் கம்பியில் கட்டிய மாலை பரவாயில்லை. குடை மட்டும் வேண்டாம். ஒரு கை இருமுடிக்கு, ஒரு கை கம்புக்கு. குடைக்கு மூன்றாவது கை கிடையாது.

வழியில் வாங்கும் மெல்லிய, ஒரு தடவை போடும் பிளாஸ்டிக் கோட்டுகளை விட்டுவிடுவதே மேல். முதல் முள்ளிலேயே கிழியும். கிழிந்ததை யாரும் மடித்துத் திருப்பி எடுத்துப் போவதில்லை. உப்பும் இனிப்பும் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தின்று அந்தக் காட்டில் மிளா மான்கள் செத்திருக்கின்றன.

தலையில் இருமுடிக்குக் கீழே வைக்கிற சும்மாட்டுத் துண்டை யாரும் கவனிப்பதில்லை. அது நனைந்தால் இருமுடி வழுக்கும். வழுக்கும் இருமுடியைப் பிடிக்கத்தான் ஆள் நிலை தடுமாறி விழுகிறார். இரண்டு துண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஓய்வுக்கு இருமுடியை இறக்கும்போது சேற்றில் வைக்க முடியாது என்பதால் பத்துப் பேருக்கு ஒரு தார்ப்பாய், இரண்டுக்கு மூன்று மீட்டர் அளவில், குழுவில் பலசாலியான ஒரு சாமி கையில் இருக்கட்டும். பாதியை விரிப்பாகவும் மீதியை மேலே மடக்கி மூடவும் பயன்படுத்தினால் பத்து இருமுடியும் காய்ந்தே இருக்கும்.

கால், தொடை, அட்டை

வெறுங்கால் நடை மழையில் வேறு விஷயமாகிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் ஈரத்தில் இருந்த உள்ளங்கால் வெளுத்து, ஊறிச் சுருங்கிவிடும். அந்தத் தோலில் வலுவே இருக்காது. காய்ந்த காலில் சும்மா குத்திவிட்டு விடுகிற சரளைக்கல், ஊறிய காலில் தோலை உரித்தெடுக்கும். சரண கோஷத்தில் கல்லும் முள்ளும் மெத்தையாகும், சரி; ஊறிய தோலைப் பற்றி அந்த வரி ஒன்றும் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன் உள்ளங்காலிலும் விரல் இடுக்குகளிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ கெட்டியாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊறுவது தாமதமாகும். மழை நின்ற முதல் ஓய்விலேயே காலைத் துடைத்து, பத்து நிமிடம் நீட்டிக் காயவிட்டு, மறுபடி தடவுங்கள். இதை மட்டும் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பம்பையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சர்க்கரை நோய் உள்ள சாமிகளுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். வெட்டுப்பட்டதே தெரியாது. அவர்கள் காலைப் பக்கத்துச் சாமி ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும். கூச்சப்பட்டுப் புண்ணை வீட்டுக்குக் கொண்டுபோவதைவிட இது மேல். டெட்டனஸ் ஊசி போட்டு வருஷக்கணக்கானவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத தொந்தரவு, தொடை உராய்வு. நனைந்த பருத்தி வேட்டி தொடை இடுக்கில் சுருண்டுகொண்டு அரம் மாதிரி அறுக்கும். கரிமலையில் காலை அகட்டி அகட்டி நடக்கிறவர்களைப் பார்த்தால் காரணம் புரியும். வேட்டிக்கு உள்ளே முழங்காலுக்குச் சற்று மேல்வரை வரும், சீக்கிரம் உலரும் துணியில் தைத்த இறுக்கமான டவுசர் போட்டு, தொடையில் வாசலின் தடவினால் பிரச்சினை பாதிக்கு மேல் தீரும். வேட்டியை மடித்துக் கட்டியே நடங்கள். தரையில் இழுபடும் ஈர வேட்டி தடுக்கிவிடும். மாற்று வேட்டி ஒன்றும் துண்டு ஒன்றும் எந்த மழைக்கும் தொடாமல், இரவுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்க வேண்டும். நடுவில் ஆசைப்பட்டு மாற்றிவிட்டால் ராத்திரி இரண்டும் ஈரம்.

அட்டை மழைக்காட்டில் இருக்கத்தான் செய்யும். பாதையோரத்து ஈரச் சருகில் காத்துக்கொண்டிருக்கும், நடுப்பாதையில் குறைவு. அதனால் ஒதுங்கி நிற்கிற இடம், சிறுநீர் கழிக்கப் போகிற இடம், அடிமரத்தில் உட்காரும் இடம் ஆகியவைதான் அட்டை ஏறும் இடங்கள். மலைத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பழைய முறை இன்னும் உதவும். கைப்பிடி கல்லுப்பைத் துணியில் முடிந்து கம்பின் அடிப்பக்கத்துக்கு ஒரு சாண் மேலே கட்டிவிட வேண்டும். அட்டை தெரிந்தால் நனைந்த உப்பு முடிச்சை அதன்மேல் ஒற்றினால் விழுந்துவிடும். ஒரு ஆளுக்கு 100 கிராம் உப்பு போதும். கடித்துக்கொண்டிருப்பதைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒல்லியான முனைப் பக்கம் நகத்தை நுழைத்து வழித்தால் வாய் விட்டுவிடும், பிறகு பருத்த முனையை வழியுங்கள். அது ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை விடுவதால், எடுத்த பிறகும் வெகுநேரம் கசியும். பயப்பட வேண்டாம். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் நிற்கும். இதய நோய்க்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் நேரம் எடுக்கும், கட்டுப் போட்டுவிடுவது நல்லது. விரல் இடுக்கு, அரைஞாண் கயிற்றடி, முழங்கால் மடிப்பு இந்த மூன்று இடத்தையும் ஒவ்வொரு ஓய்விலும் பாருங்கள்.

அழுதை

அழுதையில் மூழ்கி எழுந்து, ஒரு கல் எடுத்து, மேலே கல்லிடும் குன்றில் போடுவது முறை. நம் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் மேலே மலையில் கொட்டியிருந்தால் நதி பொங்கும். அடையாளங்கள் உண்டு: தெளிந்த நீர் காப்பி நிறத்துக்கு மாறும், பச்சை இலையும் குச்சியும் மிதந்து வரும், சலசலப்பாக இருந்த சத்தம் கனத்த இரைச்சலாகும். இதில் ஒன்று தெரிந்தாலே கரையேறிவிட வேண்டும். அப்படிப்பட்ட நாளில் கரையில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டு, கரைக்கல்லையே எடுத்துக்கொள்ளலாம். நடு நதிக் கல்தான் வேண்டும் என்று எந்த ஐதீகமும் இல்லை. மூழ்கினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூழ்குங்கள். மூளையைத் தாக்கும் அமீபா காய்ச்சல் காரணமாக 2025 மண்டல காலத்தில் கேரள சுகாதாரத் துறை, குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. குடிக்க ஓடைத் தண்ணீர் கூடவே கூடாது, மழைக்குப் பிறகு இன்னும் மோசம். கொதிக்க வைத்த நீரை வழியில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அழுதை மேடு நெட்டுக்குத்தான ஏற்றம். மழையில் ஏறுவது மெதுவாகும், ஆனால் ஆபத்து குறைவு. மண்ணும் கல்லும் கலந்த ஏற்றத்தில் முன்னங்காலால் அழுத்தி ஏறும்போது பிடிமானம் கிடைக்கும். இங்கே நடக்கிற தவறு வேறு. மழைக்குப் பயந்து ஓட்டமும் நடையுமாக ஏறி மூச்சு வாங்கிவிடுகிறார்கள். நனைந்தாயிற்று என்றால் நனைந்தாயிற்று, இனி வேகமாகப் போய் ஒன்றும் காயப்போவதில்லை. காய்ந்த நாளில் ஒரு மணி நேரம் எடுக்கும் தூரத்துக்கு ஒன்றரை மணி என்று கணக்கு வையுங்கள். இந்தக் கணக்கைப் போட்டால்தான் முக்குழியில் எடுக்க வேண்டிய முடிவு தெளிவாகும்.

அந்த முடிவு இதுதான்: இன்றைக்கே கரிமலையா, இல்லை முக்குழியில் விரியா? முக்குழியை விட்டுக் கிளம்பும்போது மணி பத்தைத் தாண்டியிருந்து, வானமும் மூடியிருந்தால் தங்கிவிடுங்கள். மாலைக்கு மேல் அந்தக் காட்டில் நடக்கக் கூடாது. வனத்துறையும் நேரம் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது, அவர்கள் நிறுத்தினால் வாதாடாதீர்கள். மழை நாளில் யானை விஷயம் இன்னும் சிக்கல். இரைச்சலில் நம் சரண கோஷம் அதற்குக் கேட்காது, அது மூங்கில் ஒடிக்கிற சத்தம் நமக்கும் கேட்காது. வளைவு திரும்பியதும் முகத்துக்கு முகம் நிற்கும் நிலை வரும். சூடு ஆறாத சாணமோ, புதிதாக முறிந்த மூங்கிலோ கண்ணில் பட்டால் குழு மொத்தமும் நின்று, பின்னால் வருகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு பிறகு நகர வேண்டும்.

விரி வைக்கும் இடத்திலும் கொஞ்சம் பார்த்து உட்காருங்கள். ஓடைக்கரை வேண்டாம். காய்ந்த கிளையோடு நிற்கும் மரத்தடி வேண்டாம், ஈரம் ஏறிய கிளை காற்றே இல்லாமல் முறியும். கொட்டகையின் மேட்டுப்பக்கம் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விரிப்புப் போடுங்கள். நனைந்த வேட்டியைப் பிழிந்து, காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி இரண்டு பேர் முறுக்கினால் பாதி ஈரம் துண்டுக்கு வந்துவிடும். விடிவதற்குள் வேட்டி ஓரளவு உலரும்.

கரிமலை

கரிமலை ஏற்றம் ஏழு தட்டு என்பார்கள். ஒவ்வொரு தட்டிலும் சமதரை கொஞ்சம் வரும். அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறலாம். உட்கார வேண்டாம். ஈர உடம்போடு ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் குளிர் பிடித்துக்கொள்ளும். விரதத்தில் குறைவாகச் சாப்பிட்டு, ராத்திரி சரியாகத் தூங்காமல், காற்றில் நனைந்து நிற்கிற உடம்பு கேரளத்துக் காட்டிலும் நடுங்கும். நடுக்கம் எடுத்த சாமியின் பேச்சு குழறினாலோ கை விரல் நாடாவை அவிழ்க்க மறுத்தாலோ, ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்ததைச் சுற்றி, சூடாகச் சுக்குக் காப்பி கொடுத்து, கருப்பட்டியோ பேரீச்சையோ வாயில் போடுங்கள். ஒரு ஆளுக்கு 200 கிராம் பேரீச்சை அல்லது கடலை உருண்டை மேலே எட்டும் பையில் இருக்க வேண்டும். பின்முடிக்குள் கட்டி வைத்தால் மழையில் அவிழ்த்து எடுக்க யாருக்கும் மனசு வராது.

இடி மின்னல் வந்தால் உச்சியில் நிற்காதீர்கள். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பக்கத்தில் இருக்கிறது. தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தையும் இரும்புக் கம்பித் தடுப்பையும் விட்டு விலகி, தாழ்ந்த இடத்தில், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுக் குந்தி இருங்கள். எல்லோரும் ஒரே தார்ப்பாய்க்குள் ஒண்டுவதுதான் அந்த நேரத்தில் இயல்பாகத் தோன்றும். செய்யக் கூடாதது அதுதான்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் மழையில் ஆள் சாய்க்கும் இடம். மேலே மண் தண்ணீரில் குழைந்து, ஆயிரக்கணக்கான கால் மிதித்து, சோப்பு போலாகிவிடும். அந்த மண் அடித்துக்கொண்டு போன இடங்களில் மரவேர்கள் வெளியே படிக்கட்டு மாதிரி தெரியும். கண்ணுக்கு அதுதான் பத்திரமான பிடி. ஆனால் பட்டை உரிந்து வழவழத்த ஈர வேர் கல்லைவிட மோசமாக வழுக்கும். வேரின் மேல் மிதிக்காமல், வேருக்கு மேல்பக்கம் மண் தேங்கியிருக்கும் இடத்தில் காலை வையுங்கள். வேர் தடுப்பு மாதிரி பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். பச்சையாகத் தெரியும் கல்லைத் தொடாதீர்கள், சொரசொரப்பான சாம்பல் நிறக் கல் நம்பகமானது. நேர் கீழே பார்த்து இறங்காமல் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி, சாண் அளவு அடியாக, இடமும் வலமுமாக இறங்க வேண்டும். கம்பு முன்னால் ஊன்றி, அது நின்ற பிறகு கால். ஏறுவதற்கு இடுப்பளவுக் கம்பு போதும், இறங்க நெஞ்சளவு வேண்டும். அதனால் நீளமானதையே எடுத்துக்கொண்டு, ஏறும்போது கீழே பிடித்துக்கொள்ளலாம். கை பிடிக்கும் இரண்டு இடத்திலும் பழந்துணியைச் சுற்றிவிட்டால் ஈரத்தில் நழுவாது.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் பின்பக்கமாகச் சப்பென்று உட்கார்ந்துவிடுவது நல்லது. இருமுடியைக் காப்பாற்றக் கையை ஊன்றுகிறவர்கள் மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார்கள். இருமுடி கீழே விழுந்துவிட்டதே என்று யாராவது கலங்கினால், குருசாமி சரணம் சொல்லி எடுத்துத் தலையில் வைத்துவிடுவார். அதற்கெல்லாம் முறை இருக்கிறது.

குழு வரிசையில் முன்னால் குருசாமி, கடைசியில் வழி தெரிந்த திடமான ஒரு சாமி, நடுவில் கன்னிச்சாமிகளும் வயதானவர்களும் குழந்தைகளும். கொட்டும் மழையில் கூப்பிட்டால் கேட்காது என்பதால் முன்னும் பின்னும் ஆளுக்கொரு விசில் இருக்கட்டும். ஒரு ஊதல் நில், இரண்டு ஊதல் வா. இறக்கத்தில் இரண்டு ஆள் இடைவெளி விடுங்கள். ஒருவர் சறுக்கினால் முன்னால் போகிற நாலு பேரையும் வாரிக்கொண்டு போவார்.

வலியானை வட்டம் வந்துவிட்டால் கால் சமதரையில் ஆடும். பம்பையில் தண்ணீர் அதிகம் என்று போலீஸ் கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாமல் கரைப் பக்கத்திலேயே குளியுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இந்த நதி திரிவேணியில் மண்டபத்தையும் கட்டடங்களையும் வாரிக்கொண்டு போனது.

பம்பையிலிருந்து சந்நிதானத்துக்கு ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் கரிமலை இறங்கிய கால். நீலிமலை வழியில் பதித்த கற்பலகைகள் ஈரத்தில் பளபளக்கும். ஊறிய பாதத்துக்கு சுவாமி ஐயப்பன் சாலையின் மிதமான ஏற்றம் உகந்தது. மரபுப்படி நீலிமலை, அப்பாச்சி மேடு வழியாகத்தான் என்றால் ஓரத்துக் கைப்பிடியை விடாமல் ஏறுங்கள். வழியில் சுக்கும் ராமச்சமும் (வெட்டிவேர்) பதிமுகமும் (ஒரு மரக்கட்டை) போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர் தருவார்கள், நின்று குடியுங்கள். நெஞ்சை அடைக்கிறது, இடது கை கனக்கிறது என்று எந்தச் சாமியாவது சொன்னால் 'குளிர்தான்' என்று தள்ளிவிடாமல், அந்த வழியிலேயே இருக்கும் அவசர மருத்துவ மையத்தில் காட்டிவிட வேண்டும்.

மழை இரவுக் குளிரில் நெய் தேங்காய்க்குள் உறைந்து கட்டியாகியிருக்கும். உடைக்கும்போது பதறாதீர்கள், நெய் ஒழுகிப் போகவில்லை. கரண்டிக் காம்பால் வழித்துப் பாத்திரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பிய பிறகு இரண்டு வாரம் ஒன்றைக் கவனியுங்கள். காலில் வெட்டோடு சேற்றிலும் ஓடையிலும் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு. காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலியும் கண் சிவப்பும் இருந்தால், மழையில் அலைந்த ஜுரம் என்று வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டிருக்காமல் போய்க் காட்டுங்கள். "மலைக்குப் போனேன், சேற்றில் வெறுங்காலோடு நடந்தேன், காலில் புண் இருந்தது" என்று மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.